பெட்டிக்குள் கிடந்தது

டிராக்டர் கராஜ் வாசலில் வந்து நின்றபோது பரமநாதன் முதலில் கயிற்றைத்தான் பார்த்தார். வலை இழுக்கிற நீலக் கயிறு. அதன் மற்ற முனையில் அந்தக் கறுப்பு ஒஸ்ரின் கேம்பிரிஜ். இடதுபக்க முன்விளக்கு இல்லை. மட்காட் உள்ளே அமுங்கி ரயரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்று மாதங்களுக்கு முன் இந்தக் கார் இதே வாசலால் தானாக ஓடிப் போனது. அதன் ஸ்ரியறிங் பெட்டியில் ஒழுகிய எண்ணெயை நிறுத்தி அனுப்பியவர் அவர்தான்.

டிராக்டரிலிருந்து குதித்து இறங்கியவன் றெனால்ட். மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில் மீன்பிடிக்கிறவன். போனமுறை வந்தபோது "அண்ணை, அண்ணை" என்று பின்னால் திரிந்து, ஒரு பை நிறையக் கருவாடு தந்துவிட்டுப் போனான். இன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லை. நேரே கராஜுக்குள் நுழைந்து, சுவரோரம் கிடந்த கதிரையைத் தூக்கிவந்து, காரின் முன்சில்லுக்கு ஒரு முழம் தள்ளி வைத்து அதில் உட்கார்ந்தான்.

"திறவும்," என்றான்.

பரமநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இவனுக்கு நாற்பது இருக்கலாம். முருங்கன் சந்தியில் இவன் வயதுக்காரர் ஒருவரும் அவரிடம் அப்படிப் பேசுவதில்லை.

"என்னத்தைத் திறக்கிறது? நடந்ததை முதல் சொல்லும்."

"நடந்ததோ? அவவைக் கேளும். ஓடினது அவதானே."

காரின் பின்சீற்றில் இருந்த நிறஞ்சலா இறங்கவில்லை. றெனால்டின் மனைவி. இடதுகை முழங்கையிலிருந்து விரல்கள்வரை பிளாஸ்ரருக்குள் இருந்தது. கண்ணாடியை மட்டும் வலதுகையால் இறக்கினாள்.

கார் அவளுடையது. பேசாலையில் வாடகைக்கார் ஓடிய அவளுடைய தகப்பன் சீதனமாகக் கொடுத்தது. ஓடப் பழக்கிவிட்டதும் அவர்தான். விடியக்காலையில் ஐந்து பெண்களை ஏற்றிக்கொண்டு நண்டு உடைக்கிற கொம்பனிக்குப் போவாள், பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து அவரவர் படலையில் விடுவாள். தீவில் இந்தப் பழங்காரை ஓடுகிற ஒரே பெண் அவள்தான் என்று போனமுறை றெனால்டே பெருமையாகச் சொல்லியிருந்தான்.

"பெரிய றோட்டிலை ஏறுற வளைவிலை திருப்பினனான்," என்றாள் நிறஞ்சலா. பரமநாதனைப் பார்த்துச் சொல்லவில்லை, முன்சீற்றின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். "வளைஞ்ச பிறகு ஸ்ரியறிங் தானா வரவேணுமெல்லே. வரேல்லை. அப்பிடியே நிண்டிட்டுது. பிடிச்சு இழுக்கிறதுக்கிடையிலை உடைமரத்திலை போய் அடிச்சிட்டுது."

"மூண்டு கிழமையா இதுதான் செபம்," என்றான் றெனால்ட்.

டிராக்டரை ஓட்டிவந்த றொசாந்தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சிரித்தான். உயிலங்குளத்தில் வயல் செய்கிறவன். "உடைமரம் புண்ணியவான். அது நிக்காட்டில் காரை நேரா கடலுக்கை இறக்கியிருப்பா. நண்டுகள் கரைக்கு வரத் தேவையில்லை, கொம்பனியே அங்க போயிருக்கும்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஏறி இருந்த பொம்பிளையளுக்கு?" என்று பரமநாதன் கேட்டார்.

"காயம் இல்லை. ஆனால் ஒருத்தியும் இனி ஏறமாட்டாளவையாம். வீடு வீடாப் போய்க் கேட்டவ. படலையைத் திறக்கேல்லை." றெனால்ட் கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தான். "இஞ்ச பாரும். இண்டைக்கு ரெண்டிலை ஒண்டு தெரியவேணும். பெட்டியிலை பிழை கிடந்தால் அது உம்மட பிழை. தலைமன்னார்த் துறைமட்டும் போய்ச் சொல்லுவன். பெட்டி சரியெண்டால் இவவின்ர பிழை. இவ இனி ஸ்ரியறிங்கிலை கை வைக்கிறேல்லை. றொசாந்தன் இப்பிடியே இழுத்துக்கொண்டு போய் வெட்டி, டிராக்டருக்கு டிரெயிலர் ஆக்குவான்."

றொசாந்தன் காரின் பின்பக்கத்தை விரல்கணுவால் தட்டிப் பார்த்தான். "அச்சு நல்ல அச்சு. பின்னுக்கு ஒரு பெட்டி அடிச்சால் நெல்லுமூட்டை பதினைஞ்சு போகும். முன்பக்கத்தைக் கோழிக்கு விடலாம்."

"அது என்ர கார்," என்றாள் நிறஞ்சலா.

"உன்ர கொப்பர் தந்த தகரம்," என்றான் றெனால்ட். பிறகு பரமநாதனிடம், "முதல் ஆணை வையும். உம்மட கேதீச்சரத்தானாணை, உம்மட வேலையிலை பிழை இல்லையெண்டு."

"நான் வேலைக்கு ஆணை வைக்கிறேல்லை."

"அப்ப பயம்."

பரமநாதன் கையைத் துணியில் துடைத்தார். மூன்று மாதத்துக்கு முன் செய்த வேலையை ஒவ்வொன்றாக மனதுக்குள் திருப்பிப் பார்த்தார். பெட்டிக்குள்ளிருந்து கீழே வருகிற தண்டு தேய்ந்திருந்தது. அதைச் சுற்றி எண்ணெயை மறிக்கிற றப்பர்ச் சீல் ஒன்றைப் புதிதாகப் போட்டார். தேய்ந்த தண்டில் புதுச் சீலும் முழுதாக இறுக்காது, கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டும், மாதத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்து எண்ணெய் பார்க்கவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"கேதீச்சரத்தானாணை, என்ர வேலையிலை பிழை இல்லை," என்றார். சொல்லும்போது அதை அவர் நம்பினார்.

பின்சீற்றிலிருந்து நிறஞ்சலா முதன்முறையாக நேரே அவரைப் பார்த்தாள்.

*

முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, சில்லுகள் நிலத்தைத் தொடாதபோது ஸ்ரியறிங்கைப் பிடித்துத் திருப்பினார். சீனிப்பாணிக்குள் அகப்பைபோல மெதுவாகப் போனது. விட்ட இடத்தில் நின்றது. மறுபக்கம் திருப்பினாலும் அதே. காருக்குக் கீழே மல்லாந்து படுத்துப் பெட்டிக்குக் கீழே தொங்கும் இரும்புக் கையைக் கழற்றினார். பெட்டிக்குள் நடக்கிற திருப்பத்தைச் சில்லுக்குக் கொண்டுபோவது அந்தக் கைதான். அதுவும் அதனோடு சேர்ந்த தண்டுகளும் லேசாக அசைந்தன. ஆகவே இறுக்கம் சில்லுப்பக்கம் இல்லை, பெட்டிக்குள்.

பெட்டியின் வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஒழுகவேண்டிய பெட்டி ஒழுகாமல் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

எழும்பி, எஞ்சின் பக்கமாகக் குனிந்து, எண்ணெய் விடுகிற மூடியைத் திருகி எடுத்தார்.

மணம் மூக்கில் அறைந்தது.

சுறா எண்ணெய். ஈரலை வெயிலில் வைத்தும் அடுப்பில் காய்ச்சியும் இறக்குகிற எண்ணெய். வள்ளத்துப் பலகைகளுக்குப் பூசுவார்கள். நாலு நாளில் தோல்போலக் காய்ந்து இறுகிவிடும், உப்புத்தண்ணீர் மரத்துக்குள் போகாது. இறுகுவதற்காகவே பூசுகிற எண்ணெய் அது. ஸ்ரியறிங் பெட்டிக்குள் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

அவர் விரலை உள்ளே விட்டார். பலாப்பால்போலத் தடித்து, மண்ணிறமாக, நூலிழுத்துக்கொண்டு வந்தது.

நிமிர்ந்து பார்த்தார். றெனால்ட் ஒரு முழம் தள்ளி இருந்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வீட்டு முற்றத்தில் கறுத்த பீப்பாய் வைத்துச் சுறா ஈரல் காய்ச்சி, கரையிலுள்ள வள்ளக்காரருக்கு எண்ணெய் கொடுக்கிறவன் அவன். அவனுடைய சேட்டில், தலைமயிரில், கதிரையைப் பிடித்திருந்த கையில், எல்லாவற்றிலும் அந்த மணம் இருந்தது. அதற்குள்ளேயே மூச்சு விடுகிறவனுக்கு அது மணமாகவே தெரியாது.

"என்ன அது?" என்று றெனால்ட் கேட்டான்.

பரமநாதன் காரின் உள்ளே பார்த்தார். நிறஞ்சலா அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தில் ஆச்சரியம் இல்லை.

அப்போதுதான் அவருக்கு அந்தப் போன் ஞாபகம் வந்தது.

ஒன்றரை மாதம் இருக்கும். லொறி ஒன்றுக்குக் கீழே படுத்திருந்தார். போன் காதுக்கும் தோளுக்கும் இடையில். "பரமண்ணை, நிறஞ்சலா கதைக்கிறன். ஸ்ரியறிங் பெட்டியிலை எண்ணெய் குறைஞ்சு போச்சு. நீங்கள் சொன்ன கியர் ஒயில் இஞ்ச ஒரு கடையிலையும் இல்லை. என்ன விடலாம்?" லொறியிலிருந்து அழுக்கு கண்ணுக்குள் விழுந்துகொண்டிருந்தது. அவர் சிரித்தார் என்றுகூட ஞாபகம். "பிள்ளை, சண்டைநேரத்துத் தடைக்காலத்திலை நாங்கள் என்னென்னத்தை விட்டு ஓடினனாங்கள். கட்டியா என்ன எண்ணெய் கிடக்கோ அதை விடும். காயாமல் இருந்தால் சரி." அவ்வளவுதான். வைத்துவிட்டார். அன்று பின்னேரமே மறந்தும் போனார்.

"என்ன அதெண்டு கேட்டன்," என்றான் றெனால்ட்.

"பழைய கிறீஸ்," என்றார் பரமநாதன்.

மதவாச்சிப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று சந்தியில் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர் மேல்மூடியின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஆணி விழுந்த தகரத்தட்டின் சத்தம் மட்டும் கேட்டது.

"கிறீஸ் இருக்கிறது பிழையோ?"

"பழசாப் போனால் இறுகும்."

"அதாலை கார் மரத்திலை போய் அடிக்குமோ?"

பரமநாதன் அடுத்த ஆணியில் ஸ்பானரை வைத்தார்.

"கேட்டியே," என்று றெனால்ட் காருக்குள் பார்த்துச் சொன்னான். "பழைய கிறீஸ். பழைய கார் எண்டால் பழைய கிறீஸ்தான் இருக்கும். அறுபது வருசமா ஓடின காருக்கு உன்ர கையிலை வந்தவுடனைதான் மரம் தேவைப்பட்டது."

நிறஞ்சலா கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அந்த வெயிலில் மூடிய காருக்குள் அவள் எப்படி இருந்தாள் என்று பரமநாதனுக்குத் தெரியவில்லை.

*

மத்தியானம் றெனால்டும் றொசாந்தனும் சந்திக் கடைக்குச் சாப்பிடப் போனார்கள். போகும்போது றெனால்ட் திரும்பி, "பெட்டிக்கு ஒண்டும் செய்யவேண்டாம். நான் வந்தாப்பிறகு என்ர கண்ணுக்கு முன்னாலை செய்யும்," என்றான். மனைவியைச் சாப்பிட வா என்று கூப்பிடவில்லை.

அவர்கள் றோட்டைக் கடந்ததும் நிறஞ்சலா கதவைத் திறந்து இறங்கினாள். முகமெல்லாம் வியர்வை. எஞ்சின் பக்கம் வந்து, திறந்து கிடந்த பெட்டிக்குள் பார்த்தாள்.

"மணம் தெரிஞ்சதுதானே," என்றாள்.

"ஓம்."

"பிறகேன் கிறீஸ் எண்டனீங்கள்?"

"உமக்காகத்தான். சுறா எண்ணெய் எண்டு சொல்லியிருந்தால் அவர் உம்மை என்ன செய்திருப்பார்?"

அவள் சிரித்தாள். கேட்க நல்லாயில்லாத சிரிப்பு. "எனக்காகவோ. கார் வெட்டுப்படப் போகுது. எனக்காகச் செய்தது நல்ல உதவிதான்."

பரமநாதனுக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த கோபம், பிழையான ஆளிடம் வந்து நின்றது. "சுறா எண்ணெயை ஆர் விடச் சொன்னது? நான் சொன்னனானோ? வாயிலை வந்ததோ எனக்குச் சுறா எண்டு? காயாத எண்ணெய் எண்டு சொன்னனான். வள்ளத்துக்குப் பூசிறதைக் கொண்டுவந்து காருக்கு விட்டால், அது காயுமெண்டு உமக்குத் தெரியாதோ? அறிவு வேண்டாமோ?"

"அறிவுள்ள ஆள் எண்டுதானே உங்களுக்குப் போன் எடுத்தனான்."

அவர் கையிலிருந்த ஸ்பானரைத் தட்டில் வைத்தார்.

"பலகையிலை பூசினால் காயும். தெரியும். பீப்பாய்க்குள்ளை வருசக்கணக்கா கிடக்குது, காயேல்லை. மூடின பெட்டிக்குள்ளை எப்பிடிக் காயும் எண்டு நினைச்சனான். என்ர மாமா தடைக்காலத்திலை வள்ளத்து எஞ்சினுக்கு அதைத்தான் விட்டவர் எண்டு வீட்டிலை கதை. நீங்களும் தடைக்காலம் எண்டனீங்கள். ரெண்டும் ஒண்டாப் போச்சு. பிழை எண்டால் பிழைதான். நான் இல்லை எண்டு சொல்லேல்லை."

"அப்ப நீரே அவருக்குச் சொல்லும்."

"நான் சொன்னால் நான் ஊத்தினது மட்டும்தான் அவருக்குக் கேக்கும். நீங்கள் சொல்லி ஊத்தினது கேக்காது. நீங்கள் சொன்னால் ரெண்டும் கேக்கும்." அவள் கையிலிருந்த போனைத் தூக்கிக் காட்டினாள், பிறகு அதைத் திறக்காமலே கீழே விட்டாள். "நேரம், திகதி எல்லாம் இதுக்கை கிடக்கு. என்ன கதைச்சதெண்டு மட்டும் இல்லை. அது உங்களிட்டைதான் கிடக்கு."

அவள் திரும்பிப் போய்க் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பரமநாதன் கதிரையில் உட்கார்ந்தார். அது றெனால்டின் உடம்பு மணத்தோடு இருந்தது.

தடைக்காலம். போருக்குள் வடக்குக்கு ஒரு சாமானும் வரவிடாத வருடங்கள். எண்ணெய் இல்லை, பெற்றோல் இல்லை, சோப்புக்கூட இல்லை. மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடியது. ஆமணக்கெண்ணெயை என்னத்தோடோ கலந்து பிறேக்குக்கு விட்டார். தேங்காயெண்ணெயை எஞ்சினுக்குள் விட்டார். எல்லாரும் அவரைத் தேடி வந்தார்கள். அந்தக் கதைகளை முப்பது வருடமாகச் சொல்லிவருகிறார், ஆட்கள் இன்றும் கேட்கிறார்கள். அந்த வாகனங்களில் எத்தனை இறுகிப் பழுதாய்ப்போயின என்ற கதையை அவர் சொன்னதில்லை. ஒருவரும் கேட்டதும் இல்லை. அப்போது எதற்கும் ஆளில் பிழை சொல்லத் தேவைப்படவில்லை, தடை இருந்தது. அப்படியே தனக்குப் பிழைக்காது என்று பழகிவிட்டார்.

இன்றைக்குத் தடை இல்லை. முருங்கனில் கியர் ஒயில் கடைக்குக் கடை இருக்கிறது. பஸ்ஸில் ஒரு போத்தலைக் கொடுத்துவிட்டிருந்தால் அன்று பின்னேரமே அவளுடைய கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவருக்கு அது தோன்றவே இல்லை. கண்ணுக்குள் அழுக்கு விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

காலையில் வைத்த ஆணையை நினைத்தார். அதை நினைக்காமல் இருக்க எழுந்து, பெட்டிக்குள்ளிருந்து வழித்தெடுத்த பசையைப் பார்த்தார். மேல்மூடியைக் கழற்றியபோதே பழைய மீன்ரின் ஒன்றுக்குள் அதை வழித்து வைத்திருந்தார். கொண்டுபோய்க் கொட்டுவதற்காக எடுத்தவர், கொட்டாமல் மேசைக்குக் கீழே வைத்தார்.

*

றெனால்ட் பல் குத்திக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தான். பரமநாதன் வேலையைத் தொடங்கினார்.

மண்ணெண்ணெய் விட்டு மூன்றுதரம் கழுவினார். ஒவ்வொரு தரமும் பழுப்பாக வந்தது. மூன்றாவது தரம்தான் உலோகம் உலோகமாகத் தெரிந்தது. தண்டின் தேய்ந்த இடத்தில் மெல்லிய பித்தளை வளையம் ஒன்றை இறக்கி, அதன் மேல் புதுச் சீலைப் போட்டார். போனமுறை செய்திருக்கவேண்டிய வேலை இது. அன்று வளையம் கையில் இருக்கவில்லை, தேடிப் போகவும் மினக்கெடவில்லை. மூடியைப் பூட்டி, சில்லுகள் நேராக நிற்கும்போது, தண்டின் ஆட்டத்தைக் குறைக்கிற திருகாணியை இறுக்கினார். முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே தண்டுக்கு இடைவெளி அதிகம், அதைப் பார்த்து இறுக்கினால் நேராக ஓடும்போது பிடித்துக்கொள்ளும். நேராக நிற்கும்போது ஆட்டம் போகுமட்டும் இறுக்கி, கால் சுற்று விட்டார்.

"இவ்வளவு நேரமா ஒரு பழைய கிறீஸுக்கு," என்றான் றெனால்ட்.

"டேய், அவர் உன்ர காருக்கு ஞானஸ்நானம் குடுக்கிறார்," என்றான் றொசாந்தன். அவன் பின்பக்க அச்சை முழம்போட்டு அளந்துகொண்டிருந்தான்.

கியர் ஒயில் விட்டார். மூடியைப் பூட்டினார். ஸ்ரியறிங்கைத் திருப்பினார். ஒரு விரலுக்குத் திரும்பியது.

அமுங்கிய மட்காட்டை நெம்பி ரயரிலிருந்து விலத்திவிட்டு, "ஓடிப் பாரும்," என்றார்.

றெனால்ட் ஏறினான். நிறஞ்சலா பின்சீற்றிலிருந்து இறங்கவில்லை. கார் கட்டுக்கரைக் குளத்துப் பக்கமாகப் போனது. பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தது. வாசலில் வளைந்தபோது றெனால்ட் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். ஸ்ரியறிங் அவன் கை படாமலே சுழன்று நேராக வந்து நின்றது.

அவன் இறங்கும்போது முகம் மலர்ந்திருந்தது. காலையிலிருந்து அவன் தேடியது கிடைத்துவிட்டது.

"பாத்தீரோ! சின்னப்பிள்ளைகூட ஓடும். பெட்டியிலை பிழை இல்லை. பழைய கிறீஸ் கிடந்தது, கழுவியாச்சு. கிறீஸ் கிடந்த எத்தினை கார் றோட்டிலை ஓடுது, எல்லாம் மரத்திலையோ போய் நிக்குது?" பின்கதவைத் திறந்தான். "இறங்கு. றொசாந்தன் கயிறைக் கட்டட்டும். ஆறு குடும்பத்தின்ர உயிர் உன்ர கையிலை. அந்தோனியார் காப்பாத்தினது ஒருக்கா. ரெண்டாம்தரம் காப்பாத்தமாட்டார்."

அவள் இறங்கவில்லை.

"இறங்கெண்டு சொன்னன்."

அவள் பரமநாதனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. எவ்வளவு நேரம் எடுப்பீர் என்று பார்க்கிற பார்வை. அவர் மேசையோடு சாய்ந்து நின்றார். றொசாந்தன் கயிற்றை எடுத்துவந்து முன்பக்கம் குனிந்து முடிச்சுப் போட்டான். ஒரு முடிச்சு. இரண்டாவது முடிச்சு. றெனால்ட் மனைவியின் நல்ல கையைப் பிடித்து இழுத்தான். அவள் கதவுச் சட்டத்தில் காலை ஊன்றிக்கொண்டாள்.

பரமநாதன் குனிந்து மேசைக்குக் கீழிருந்து மீன்ரின்னை எடுத்தார்.

"றெனால்ட். இதை மணந்து பாரும்."

அவன் கையை விட்டுவிட்டு வந்தான். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். "என்ன? ஒரு மணமும் இல்லை."

"உமக்கு வராது. றொசாந்தனிட்டைக் குடும்."

றொசாந்தன் வாங்கினான். வாங்கின வேகத்தில் தலையைப் பின்னால் இழுத்தான். "சீ! நாறல்! இது உங்கட முத்தத்துப் பீப்பாயெடா!"

றெனால்ட் ரின்னைத் திரும்ப வாங்கி, விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கிடையில் இழுத்துப் பார்த்தான். மூக்குக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. எத்தனை வள்ளத்துக்குப் பூசிய விரல்.

மெதுவாகக் காருக்குள் திரும்பினான். "நீயோ?"

"நான்தான் ஊத்தினனான்," என்றாள் நிறஞ்சலா.

"சுறா எண்ணெய். காருக்கு." அவனுடைய குரல் தணிந்துபோனது. அது சத்தத்தைவிட மோசமாக இருந்தது. "மூண்டு கிழமையா என்னைப் பேயனாக்கி..."

இப்போது சொல்லவேண்டும். பரமநாதனுக்கு அது தெரிந்தது. இன்னும் ஒரு மூச்சு பொறுத்தால் சொல்லத் தேவையில்லாமல் போய்விடும் என்பதும் தெரிந்தது. பாதி உண்மை வெளியே வந்தாயிற்று, மற்றப் பாதியை அவள் தலையில் வைத்துவிட்டு இவர்கள் போய்விடுவார்கள். அவருடைய பெயர் அப்படியே இருக்கும். அந்த ஒரு மூச்சை அவர் பொறுத்தார். அதற்குள் றெனால்ட் அவளைத் தகப்பனோடு சேர்த்து ஒரு சொல் சொன்னான். அவள் முகம் வெளுத்துப்போனது.

"நான்தான் விடச் சொன்னனான்," என்றார் பரமநாதன்.

றெனால்ட் திரும்பவில்லை. சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து அவர் மறுபடியும் சொன்னார்.

"போன் எடுத்துக் கேட்டவ. என்ன விடலாமெண்டு. கட்டியா என்ன கிடக்கோ அதை விடும் எண்டனான். தடைக்காலத்திலை எல்லாம் விட்டனாங்கள் எண்டனான். என்ன எண்ணெய் கிடக்கெண்டு கேக்கேல்லை. வேலைப் பராக்கிலை இருந்தனான். இவவின்ர ஓட்டத்திலை பிழை இல்லை. அந்தப் பெட்டியோடை ஆர் ஓடியிருந்தாலும் அந்த வளைவிலை அதுதான் நடந்திருக்கும்."

றொசாந்தன் கயிற்றை விட்டு எழும்பினான்.

"காலமை ஆணை வைச்சனீர்," என்றான் றெனால்ட்.

"காலமை எனக்குத் தெரியாது."

"மத்தியானம்?"

"மத்தியானம் தெரியும்."

றெனால்ட் ரின்னைச் சுவரில் எறிந்தான். அது ஸ்பானர்கள் தொங்கிய பலகையில் பட்டு, பசை ஒரு கோடாக வடிந்தது. அவன் அடிக்கப்போகிறான் என்று பரமநாதன் நினைத்தார். ஒதுங்கவில்லை. ஆனால் றெனால்ட் அங்கேயே நின்றான், கை இரண்டும் தொங்க. யாரை முதலில் பிடிப்பது என்று அவனுக்குப் பிடிபடவில்லை போலிருந்தது. கடைசியில் றொசாந்தனைப் பிடித்தான்.

"என்னடா பாக்கிறாய்? அவிட்டு எடு உன்ர கயிறை."

"அப்ப அச்சு?"

"அவிழெடா!"

பிறகு பரமநாதனிடம் வந்தான். கிட்ட வந்து, முகத்துக்கு நேரே, "சொல்லுவன்," என்றான். "தலைமன்னாரிலை இருந்து மறிச்சுக்கட்டிவரைக்கும் சொல்லுவன். முருங்கன் பரமநாதன் ஆணை வைச்சுப் பொய் சொல்லுற ஆளெண்டு."

"சொல்லும்."

"வாய் கிழியச் சொல்லுவன்."

"சொல்லும் எண்டுதானே சொல்லுறன்."

நிறஞ்சலா இறங்கினாள். கணவனைச் சுற்றிக்கொண்டு போய், சாவியை ஸ்ரியறிங்குக்குக் கீழிருந்து உருவி எடுத்தாள். "நான் இன்னும் மூண்டு கிழமைக்கு ஓடேலாது," என்று அவனிடம் சொன்னாள். "இண்டைக்கு நீங்கள்தான் ஓடவேணும். வீட்டை போனவுடனை சாவி என்ர கையுக்கு வரவேணும். இல்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ, நான் பஸ்ஸிலை ஏறிக் கொப்பர் எண்டு நீங்கள் சொன்ன ஆளின்ர வீட்டை போறன்."

றெனால்ட் நிலத்தைப் பார்த்தான். கையை நீட்டினான். அவள் சாவியை அவன் கையில் வைக்காமல் முன்சீற்றில் போட்டாள்.

பிறகு பரமநாதனிடம் வந்தாள். அவர் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தார். மன்னிப்புக் கேட்கலாம், அல்லது காலையிலேயே சொல்லியிருக்கவேணும் என்று சொல்லலாம். அவள் அதற்கு இடம் தரவில்லை.

"அந்த எண்ணெய் மிச்சம் கிடக்கோ?"

அவர் பாதி நிறைந்த கியர் ஒயில் கானை எடுத்துக் கொடுத்தார்.

"இதிலை எழுதித் தாங்கோ. என்ன எண்ணெய், எதுக்கு, எப்ப விடுறது. எல்லாம்."

"எல்லாத்தையும் கானிலையே போட்டிருக்கு, பிள்ளை."

"இங்கிலீசிலை போட்டிருக்கு. ஆர் சொன்னதெண்டு போடேல்லை."

அவர் மேசையிலிருந்து கறுப்புப் பேனையை எடுத்தார். ஸ்ரியறிங் பெட்டிக்கு இது மட்டும், வேறொன்றும் விடக்கூடாது, மாதம் ஒருமுறை பார்க்கவும் என்று எழுதினார். கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

"பேரைப் போடுங்கோ. அந்த அஞ்சு பொம்பிளையளுக்கும் நான் காட்டவேணும். கீழை நான் ஏன் மரத்திலை அடிச்சனான் எண்டதையும் எழுதுங்கோ."

றெனால்ட் காருக்குள் இருந்து ஹோர்ன் அடித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. றொசாந்தன் டிராக்டரில் ஏறி உட்கார்ந்து, எழுதி முடியட்டும் என்பதுபோல எஞ்சினைப் போடாமல் இருந்தான்.

பரமநாதன் கானைத் திருப்பி மற்றப்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். அந்தப் பக்கம் எண்ணெய் பட்டிருந்தது. எழுத்துப் பிடிக்கவில்லை. உடுத்திருந்த சாரத்தின் நுனியால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி எழுதினார். அவள் ஒவ்வொரு சொல்லையும் வாசித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.